திரை ஓடும்போது தலை சுற்றுகிறதா? ஸ்மூத் ஸ்க்ரோலிங்கை நிறுத்தி வைக்கும் வசதி யாருக்காக?

கம்ப்யூட்டரில் செய்தி வாசித்துக்கொண்டிருக்கும் உம்மம்மா இரண்டு நிமிடத்தில் மவுஸைத் தள்ளி வைத்துவிடுகிறார். “இந்தா வாப்பா, நீயே வாசிச்சுச் சொல்லு. எனக்குக் கண்ணைக் கட்டிக்கிட்டு வருது” என்கிறார். பேரன் சிரிக்கிறான். மருமகள், “கண்ணாடி பவர் மாறியிருக்கும் மாமி, டாக்டரைப் பாருங்க” என்கிறார். கண்ணாடியும் மாற்றியாகிவிட்டது. ஆனாலும் அச்சிட்ட நாளிதழை ஒரு மணி நேரம் வாசிக்க முடிகிற அதே கண்களால், திரையில் ஒரு கட்டுரையை முடிக்க முடியவில்லை. “வயசாயிடுச்சு, இதெல்லாம் நமக்குச் சரிப்படாது” என்று அவர் ஒதுங்கிக்கொள்கிறார்.

நம்மில் பலருக்குப் பழக்கமான காட்சிதான் இது. இதற்குக் கண்ணோ வயதோ மட்டும்தான் காரணம் என்று முடிவுகட்டிவிடுகிறோம். சில வேளைகளில் காரணம் பிரவுசருக்குள் இருக்கிற, ஒரே சொடுக்கில் நிறுத்தக்கூடிய ஒரு சின்ன வசதியாக இருக்கலாம். அதற்கு ஸ்மூத் ஸ்க்ரோலிங் என்று பெயர். பக்கத்தை வழுக்கிக்கொண்டு ஓடச் செய்யும் முறை அது. அது என்ன, ஏன் வந்தது, சிலருக்கு ஏன் ஒத்துக்கொள்வதில்லை, எப்படி நிறுத்துவது என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தாவுவதும் வழுக்குவதும்

மவுஸின் நடுவில் இருக்கும் சின்னச் சக்கரத்தை மக்களிடம் பெரிய அளவில் கொண்டு சேர்த்தது, 1996இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட இன்டெல்லிமவுஸ். அதற்கு முன்பு பக்கத்தின் ஓரத்தில் இருக்கும் பட்டையைப் பிடித்து இழுக்க வேண்டும், அல்லது விசைப்பலகையின் அம்புக்குறிகளை அழுத்த வேண்டும். சக்கரம் வந்தபின் ஆட்காட்டி விரலை அசைத்தாலே பக்கம் நகர்ந்தது.

அந்தச் சக்கரத்தை மெதுவாக உருட்டிப் பாருங்கள். சிறு சிறு படிகளாக அது நகர்வதை விரல் உணரும். ஒரு படி நகர்ந்தால் விண்டோஸில் வழக்கமாக மூன்று வரி நகரும். பழைய முறையில் அந்த மூன்று வரியும் ஒரே தாவலில் நகர்ந்துவிடும். முதல் கணம் பக்கம் ஓரிடத்தில் இருக்கும், அடுத்த கணம் மூன்று வரி மேலே போயிருக்கும். இடையில் ஒன்றுமில்லை.

ஸ்மூத் ஸ்க்ரோலிங் அந்த இடைவெளியை நிரப்புகிறது. பக்கம் மெல்லக் கிளம்பி, வேகமெடுத்து, பிறகு மெல்ல நிற்பது போலப் பல இடைக்காட்சிகளை வரைந்து காட்டுகிறது. சாதாரணத் திரை ஒரு நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகிறது. அந்த ஓட்டம் ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரம் நீடித்தால், ஒரே ஒரு உருட்டலுக்கு 12 காட்சிகள் கண்முன் ஓடுகின்றன. ஒரு கட்டுரையை முடிப்பதற்குள் நாம் எத்தனை முறை உருட்டுகிறோம் என்று எண்ணிப் பாருங்கள். அத்தனை முறையும் திரை முழுவதும் ஓடி ஓடி நிற்கிறது.

இந்த வசதி புதியதல்ல. பழைய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரிலேயே ‘அட்வான்ஸ்டு’ என்ற பகுதிக்குள் இதற்கென ஒரு கட்டம் இருந்தது. வேண்டியவர் டிக் செய்யலாம், வேண்டாதவர் எடுத்துவிடலாம். ஃபயர்ஃபாக்ஸிலும் நெடுங்காலமாக இந்தக் கட்டம் உண்டு, ஆனால் டிக் இல்லாமல்தான் வரும். 2012 ஜூனில் வெளியான ஃபயர்ஃபாக்ஸ் 13இல் அது தலைகீழானது. கேட்காமலேயே எல்லோருக்கும் ஸ்மூத் ஸ்க்ரோலிங் வந்தது. 2016 மார்ச்சில் வெளியான குரோம் 49உம் அதே வழியில் வந்தது. விரும்பியவர் போட்டுக்கொள்கிற வசதியாக இருந்தது, விரும்பாதவர் தேடிப்பிடித்து அணைக்க வேண்டிய ஒன்றாக மாறியது.

இதில் நன்மை இல்லையா?

நிச்சயம் உண்டு. அதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். பக்கம் சட்டென்று தாவினால், நாம் வாசித்துக்கொண்டிருந்த வரி எங்கே போனது என்று கண் தேட வேண்டியிருக்கிறது. மெல்ல நகர்ந்தால் கண் அந்த வரியைப் பின்தொடர்ந்து கூடவே போகிறது. ஆகவே பலருக்கு ஸ்மூத் ஸ்க்ரோலிங் வாசிப்பை எளிதாக்குகிறது. தாவும் முறைதான் தங்களுக்குக் கண் கூசுகிறது என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள்.

எனவே இந்த வசதியை ஒழிக்க வேண்டும் என்பது இந்தக் கட்டுரையின் வாதம் அல்ல. ஒருவருக்கு உதவியாக இருப்பது இன்னொருவருக்கு உபத்திரவமாக இருக்கும்போது, தீர்மானிக்கும் சாவி யார் கையில் இருக்க வேண்டும் என்பதுதான் கேள்வி.

கண் ஒன்று சொல்கிறது, காது ஒன்று சொல்கிறது

எழும்பூர் நிலையத்தில் ரயில் புறப்படக் காத்திருக்கிறோம். பக்கத்துத் தண்டவாளத்தில் நிற்கும் ரயில் மெல்ல நகர்கிறது. ஒரு கணம் நம் ரயில்தான் கிளம்பிவிட்டது என்று உடம்பே நம்பிவிடுகிறது. நடைமேடைப் பக்கம் திரும்பிப் பார்த்த பிறகுதான் நாம் அசையவே இல்லை என்று தெரிகிறது. கண் எவ்வளவு எளிதில் உடலை ஏமாற்றிவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தேவையில்லை.

நாம் அசைகிறோமா, நிற்கிறோமா என்பதை மூளை மூன்று இடங்களிலிருந்து கேட்டுத் தெரிந்துகொள்கிறது. ஒன்று கண். இரண்டாவது, கால், கழுத்து, முதுகு ஆகியவற்றின் தசைகளும் மூட்டுகளும். மூன்றாவது, பலரும் அறியாதது, உட்காது. கேட்பதற்கு மட்டுமே காது என்று நினைக்கிறோம். ஒவ்வொரு காதின் உள்ளேயும் திரவம் நிறைந்த மூன்று அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன. அவை ஒன்றுக்கொன்று ஏறக்குறைய செங்குத்தாக, மூன்று திசைகளைப் பார்த்தபடி அமைந்திருக்கின்றன. தலை திரும்பும்போது உள்ளே இருக்கும் திரவம் சற்றுப் பின்தங்குகிறது. அந்த அசைவை நுண்ணிய மயிரிழைச் செல்கள் உணர்ந்து மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. நேர்கோட்டில் நகர்வதையும் தலையின் சாய்வையும் உணர்வதற்கு, கால்சியத் துகள்கள் பதிந்த வேறு இரண்டு உறுப்புகளும் அங்கே உண்டு.

இந்த மூன்று சாட்சிகளும் ஒரே செய்தியைச் சொன்னால் பிரச்சினை இல்லை. முரண்பட்டால் மூளை தடுமாறுகிறது. ஓடும் பேருந்தில் புத்தகம் வாசித்தால் சிலருக்குக் குமட்டுவது இதனால்தான். காது ‘நகர்கிறோம்’ என்கிறது, புத்தகத்தில் பதிந்த கண் ‘நகரவில்லை’ என்கிறது. ஸ்மூத் ஸ்க்ரோலிங்கில் இதே முரண்பாடு தலைகீழாக நடக்கிறது. அசையாத நாற்காலியில் அமர்ந்திருக்கிறோம் என்று காது சொல்கிறது. கண் முன்னால் இருக்கும் உலகம் மட்டும் ஓடி ஓடி நிற்கிறது.

ஆரோக்கியமான ஒருவரின் மூளை இந்தச் சிறு முரண்பாட்டைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். உட்காதில் ஏதேனும் பாதிப்பு ஏற்பட்டவர்களின் நிலை வேறு. காதின் செய்தியை முழுமையாக நம்ப முடியாததால், அவர்களுடைய மூளை கண்ணை அதிகமாகச் சார்ந்திருக்கப் பழகிவிடுகிறது. அப்படிப் பழகிய பிறகு கண்ணுக்கு முன்னால் எது ஓடினாலும் தலை சுற்றும். சூப்பர் மார்க்கெட்டின் நீண்ட அடுக்குகளுக்கு இடையே நடந்தால் கிறுகிறுக்கும், திரையில் எழுத்துகள் ஓடினால் குமட்டும். மருத்துவர்கள் நன்கு அறிந்த நிலை இது. தலைசுற்றல் ஆய்வுக்கான உலகளாவிய அமைப்பான பராணி சொசைட்டி, மாதக்கணக்கில் நீடிக்கும் ஒருவகைத் தலைசுற்றலுக்கு 2017இல் இலக்கணம் வகுத்தபோது, அசையும் காட்சிகளைப் பார்த்தால் தொல்லை கூடுவதை அதன் அடையாளங்களில் ஒன்றாகவே சேர்த்தது.

இதில் வருத்தத்துக்குரிய விஷயம், நோயாளியின் சொல்லை யாரும் எளிதில் நம்புவதில்லை. காய்ச்சலைத் தொட்டுப் பார்க்கலாம், காயத்தைக் கண்ணால் பார்க்கலாம். தலைசுற்றலை யாரிடம் எடுத்துக் காட்டுவது? பழங்காலத்தில் அதை மூளையின் கோளாறு என்றே கருதினார்கள். உட்காதிலிருந்தும் தலைசுற்றல் வரலாம் என்று பிரெஞ்சு மருத்துவர் புரொஸ்பேர் மெனியே 1861இல் எடுத்துரைத்தார். உட்காதின் சமநிலை உறுப்பு பற்றிய ஆய்வுக்காக ராபர்ட் பராணிக்கு 1914ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. அறிவியல் ஒப்புக்கொண்டு நூறாண்டு கடந்துவிட்டது. நம் வீடுகளில் இன்னும், “எல்லாம் மனசுதான், கொஞ்சம் தைரியமா இரும்மா” என்ற பதில்தான் கிடைக்கிறது.

இது ஒரு சிலரின் பிரச்சினை மட்டும்தானா?

அமெரிக்காவில் 2001 முதல் 2004 வரை நடந்த தேசிய உடல்நலக் கணக்கெடுப்பில், 40 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குச் சமநிலைப் பரிசோதனை செய்தார்கள். அதன் முடிவு 2009இல் மருத்துவ இதழில் வெளியானது. சுமார் 35 விழுக்காட்டினரிடம் உட்காதின் சமநிலைச் செயல்பாட்டில் ஏதோ ஒரு குறை தென்பட்டது. வயது கூடக் கூட அந்த விகிதமும் கூடியது. அவர்கள் எல்லோருக்கும் திரை ஓடினால் தலை சுற்றும் என்று இதற்குப் பொருளல்ல. ஆனால் நடுவயதைக் கடந்தவர்களிடையே இந்த உறுப்பு எவ்வளவு பரவலாகத் தளர்கிறது என்பதை இது காட்டுகிறது.

முதியவர்களோடு இது நின்றுவிடுவதும் இல்லை. ஒற்றைத் தலைவலி உள்ள இளம் வயதினர் பலருக்கும் அசையும் காட்சிகள் ஒத்துக்கொள்வதில்லை. வைரஸ் தொற்றால் உட்காது நரம்பு வீங்கி மீண்டவர்கள், விபத்தில் தலையில் அடிபட்டவர்கள் ஆகியோருக்கும் சில காலம் இந்தத் தொல்லை இருக்கலாம். ஆன்லைன் வகுப்பும் வீட்டுப் பாடமும் திரையிலேயே நடக்கும் காலத்தில், “படிக்க உட்கார்ந்தாலே தலை வலிக்குது” என்று பிள்ளை சொன்னால் சோம்பல் என்று முத்திரை குத்துவதற்கு முன், எதைப் பார்க்கும்போது வலிக்கிறது என்று ஒருமுறை கேட்டுவிடலாம்.

உடல்நலம் அல்லாத காரணங்களும் உண்டு. பழைய கம்ப்யூட்டரில் இந்த இடைக்காட்சிகளை வேகமாக வரைய முடியாமல் பக்கம் திக்கித் திணறும். வீட்டிலிருந்தபடி அலுவலகக் கணினியை இணைப்பின் வழியாக இயக்குகிறவர்களுக்கு ஒவ்வொரு இடைக்காட்சியும் இணையத்தின் வழியே வந்து சேர வேண்டும். அதனால் ஒரு உருட்டலுக்குப் பக்கம் தாமதமாக இழுத்துக்கொண்டு நகரும். இவர்களுக்கெல்லாம் தாவும் முறையே வசதி.

2013 கற்றுத்தந்த பாடம்

அசைவு நோயை உண்டாக்கும் என்பதைத் தொழில்நுட்ப உலகம் உரக்கக் கேட்ட ஆண்டு 2013. அந்த ஆண்டு செப்டம்பரில் ஆப்பிள் நிறுவனம் ஐஓஎஸ் 7 என்ற புதிய பதிப்பைத் தன் ஐஃபோன்களுக்கு வெளியிட்டது. ஒரு செயலியைத் தொட்டால் திரையே அதற்குள் பாய்ந்து நுழைவது போன்ற காட்சி, ஃபோனைச் சாய்த்தால் பின்னணிப் படம் தனியே மிதப்பது போன்ற தோற்றம் என்று அழகழகாக வந்தது. பலர் ரசித்தார்கள். சிலர், “ஃபோனைப் பார்த்தாலே குமட்டுகிறது” என்று முறையிட்டார்கள். அடுத்த மாதமே, அக்டோபரில் வந்த 7.0.3 பதிப்பில், ‘ரெட்யூஸ் மோஷன்’ என்ற அமைப்பு அந்தப் பாய்ச்சல் காட்சிகளையும் குறைக்கும்படி மாற்றப்பட்டது.

அதன்பின் இந்தச் சிந்தனை இணையதளங்களுக்கும் பரவியது. ‘எனக்கு அசைவு குறைவாக இருந்தால் போதும்’ என்று ஒருவர் தன் ஃபோனிலோ கணினியிலோ ஒருமுறை சொல்லிவைத்தால், அதை இணையதளமும் அறிந்துகொண்டு தன் ஆட்டபாட்டங்களை நிறுத்திக்கொள்ளும் ஏற்பாடு உருவானது. ஆப்பிளின் சஃபாரி பிரவுசர் 2017 மார்ச்சிலும், ஃபயர்ஃபாக்ஸ் 2018 அக்டோபரிலும், குரோம் 2019 ஏப்ரலிலும் இதை ஏற்றன. இணையதளங்கள் எல்லோருக்கும் பயன்படும்படி அமைய வேண்டும் என்பதற்காக வகுக்கப்பட்ட உலகளாவிய வழிகாட்டு நெறிகளின் 2.1ஆம் பதிப்பு 2018 ஜூனில் வந்தது. பயனரின் செயலால் தூண்டப்படும், இன்றியமையாததல்லாத அசைவுகளை நிறுத்த வழி இருக்க வேண்டும் என்ற விதி அதில் சேர்க்கப்பட்டது. ஆனால் அது மூன்று படிகளில் மிக உயர்ந்த படியில் வைக்கப்பட்டது. பெரும்பாலான தளங்கள் அந்தப் படிவரை ஏற முயல்வதே இல்லை.

சாவி எங்கே மாட்டப்பட்டிருக்கிறது?

இங்கேதான் பிரவுசர்களுக்கு இடையே உள்ள வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். ஃபயர்ஃபாக்ஸ் 2012இல் ஸ்மூத் ஸ்க்ரோலிங்கை எல்லோருக்கும் கொடுத்தபோதும், அதை அணைக்கும் கட்டத்தைச் சாதாரண அமைப்புப் பக்கத்திலேயே விட்டுவைத்தது. வீட்டு வாசலில் சாவியை மாட்டிவைத்தது போல.

குரோமின் வழக்கமான அமைப்புப் பக்கத்தில் அப்படி ஒரு கட்டம் இல்லை. ‘ஃபிளாக்ஸ்’ என்ற சோதனைப் பக்கத்துக்குள் அது இருக்கிறது. அந்தப் பக்கத்தைத் திறந்தாலே, இவையெல்லாம் சோதனை வசதிகள், மாற்றினால் உங்கள் தகவல்கள் இழக்கப்படலாம் என்ற எச்சரிக்கை முதலில் நிற்கும். தலைசுற்றலோடு போராடும் ஒரு பெரியவர் அந்த எச்சரிக்கையைப் பார்த்தால் மேலே போவாரா? சோதனைப் பக்கத்தில் இருக்கும் எதுவும் அடுத்த பதிப்பிலும் இருக்கும் என்பதற்கு உத்தரவாதமும் கிடையாது.

பிரவுசர் செய்கிறவர்களின் தரப்பிலும் நியாயம் உண்டு. ஒவ்வொரு விருப்பத்துக்கும் ஒரு கட்டம் வைத்தால் அமைப்புப் பக்கம் காடாகிவிடும், சாமானியர் குழம்புவார். ஒவ்வொரு கட்டத்தையும் எல்லாப் பதிப்புகளிலும் சோதித்துப் பராமரிக்க உழைப்பும் செலவும் ஆகும். ஆகவே, பெரும்பாலானவர்களுக்கு எது நல்லதோ அதைத் தேர்ந்து கொடுத்துவிடலாம் என்பது அவர்களின் வாதம்.

நிறம், எழுத்துரு போன்ற ரசனை விஷயங்களில் இந்த வாதம் பொருந்தும். உடம்பு விஷயத்தில் பொருந்தாது. விருந்தில் நால்வர் ஒரே சஹனில் கூடி அமர்ந்து சாப்பிடுகிறோம். மூவருக்குக் காரம் பிடிக்கும், ஒருவருக்கு வயிற்றுப் புண். மூவருக்குப் பிடிக்கிறது என்பதற்காகக் குழம்பு முழுவதையும் சோற்றின் மேல் ஊற்றிவிடுவோமா? தனிக் கிண்ணத்தில் வைப்போம். வேண்டியவர் ஊற்றிக்கொள்வார். இதனால் மூவரின் சுவையும் குறைவதில்லை, நாலாமவர் பட்டினியாக எழுந்து போவதும் இல்லை. அமைப்புப் பக்கத்தில் ஒரு கட்டம் என்பது அந்தத் தனிக் கிண்ணம்தான்.

எப்படி நிறுத்துவது?

ஃபயர்ஃபாக்ஸில்: வலது மேல் மூலையில் உள்ள மூன்று கோடுகளைத் தொட்டு ‘செட்டிங்ஸ்’ பக்கத்துக்குச் செல்லுங்கள். ‘ஜெனரல்’ பகுதியில் கீழே இறங்கினால் ‘பிரவுசிங்’ என்ற தலைப்பு வரும். அதன் கீழ் ‘யூஸ் ஸ்மூத் ஸ்க்ரோலிங்’ என்ற கட்டத்தில் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். கண்ணில் படவில்லை என்றால், அதே பக்கத்தின் மேலே உள்ள தேடல் கட்டத்தில் ஆங்கிலத்தில் ஸ்மூத் என்று எழுதினால் போதும். மாற்றம் உடனே தெரியும்.

குரோமில்: முகவரிக் கட்டத்தில் ஆங்கில எழுத்தில் குரோம் என்று எழுதி, இடைவெளி விடாமல் ஒரு முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடு, பிறகு ஃபிளாக்ஸ் என்று எழுதி என்டர் தட்டுங்கள். வரும் பக்கத்தின் தேடல் கட்டத்தில் ஸ்மூத் ஸ்க்ரோலிங் என்று தேடி, அதன் எதிரே ‘டிசேபிள்டு’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். கீழே கேட்கும் ‘ரீலாஞ்ச்’ பொத்தானை அழுத்தினால் பிரவுசர் மூடித் திறக்கும். அந்தப் பக்கத்தில் வேறு எதையும் தொட வேண்டாம். மைக்ரோசாஃப்ட் எட்ஜிலும் இதே முறைதான், குரோம் என்ற சொல்லுக்குப் பதிலாக எட்ஜ் என்று எழுத வேண்டும்.

விண்டோஸில்: ஃபிளாக்ஸ் பக்கத்துக்குள் போகத் தயங்குகிறவர்களுக்கு இதுவே எளிய வழி. விண்டோஸ் 11இல் ‘செட்டிங்ஸ்’, பிறகு ‘ஆக்ஸசிபிலிட்டி’, பிறகு ‘விஷுவல் எஃபெக்ட்ஸ்’ சென்று ‘அனிமேஷன் எஃபெக்ட்ஸ்’ என்பதை அணையுங்கள். விண்டோஸ் 10இல் ‘ஈஸ் ஆஃப் ஆக்ஸஸ்’ பகுதியின் ‘டிஸ்ப்ளே’ பக்கத்தில், விண்டோஸில் அனிமேஷன் காட்டும் அமைப்பை அணைக்க வேண்டும். இதை அணைத்தால் குரோமின் வழுக்கு ஓட்டமும் சேர்ந்து நிற்கும். அசைவு வேண்டாம் என்ற செய்தி இணையதளங்களுக்கும் போய்ச் சேரும்.

ஐஃபோனில்: ‘செட்டிங்ஸ்’, ‘ஆக்ஸசிபிலிட்டி’, ‘மோஷன்’ சென்று ‘ரெட்யூஸ் மோஷன்’ என்பதைப் போடுங்கள்.

ஆண்ட்ராய்டில்: ‘செட்டிங்ஸ்’ பகுதியின் ‘ஆக்ஸசிபிலிட்டி’க்குள் ‘ரிமூவ் அனிமேஷன்ஸ்’ என்று இருக்கும். ஃபோனுக்கு ஃபோன் அது இருக்கும் இடம் சற்று மாறலாம். செட்டிங்ஸின் மேலே உள்ள தேடலில் அனிமேஷன் என்று தேடினால் கிடைத்துவிடும்.

ஃபோனைப் பற்றி ஒரு விளக்கம். தொடுதிரையில் விரலோடு ஒட்டிப் பக்கம் நகர்வதைப் பலரால் தாங்க முடிகிறது, ஏனென்றால் அந்த அசைவை நம் கையே செய்கிறது. சுண்டிவிட்ட பிறகு பக்கம் தானாக ஓடுகிறதே, அதுதான் தொல்லை. மேலே சொன்ன அமைப்புகள் ஃபோனின் மற்ற ஆட்டங்களைக் குறைக்குமே தவிர, சுண்டிவிட்ட ஓட்டத்தை முழுதாக நிறுத்துவதில்லை. ஆகவே சுண்டிவிடாமல், விரலைத் திரையில் வைத்து மெதுவாக நகர்த்தி, நிறுத்தி, பிறகு விரலை எடுக்கப் பெரியவர்களைப் பழக்குங்கள்.

இன்னும் சில எளிய வழிகள்

பிரவுசரில் அணைத்த பிறகும் சில தளங்கள் ஓடிக்கொண்டேதான் இருக்கும். அந்தத் தளத்தை வடிவமைத்தவர் தனியாக ஒரு ஓட்டத்தைப் புகுத்தியிருப்பார். உருட்டினால் படங்கள் பறந்து வரும், பின்னணி ஒரு வேகத்திலும் எழுத்து ஒரு வேகத்திலும் நகரும். அங்கே ஃபயர்ஃபாக்ஸிலும் சஃபாரியிலும் உள்ள ‘ரீடர்’ முறை கைகொடுக்கும். கட்டுரைப் பக்கங்களில், முகவரிக் கட்டத்தை ஒட்டி வரும் அதன் குறியைத் தொட்டால் அலங்காரங்கள் நீங்கி, எழுத்து மட்டும் அமைதியாக நிற்கும்.

கம்ப்யூட்டரில் சக்கரத்தை உருட்டுவதற்குப் பதில், வாசித்து முடித்ததும் ஸ்பேஸ் பாரைத் தட்டலாம். ஏறக்குறைய ஒரு திரையளவு பக்கம் கீழே இறங்கும். ஷிஃப்ட் விசையைச் சேர்த்துத் தட்டினால் மேலே ஏறும். ஸ்மூத் ஸ்க்ரோலிங் அணைக்கப்பட்டிருந்தால் இது புத்தகத்தின் தாளைப் புரட்டுவது போலவே இருக்கும். முப்பது முறை உருட்டி வாசித்த கட்டுரையை ஐந்தாறு தட்டலில் வாசித்து முடிக்கலாம். அச்சுப் புத்தகத்தில் பழகிய கண்களுக்கு இது மிகவும் இதமானது.

அமைப்பை மாற்றியும் தலைசுற்றல் தொடர்ந்தால், திரையைப் பார்க்காதபோதும் வந்தால், காது மூக்கு தொண்டை மருத்துவரை அவசியம் பாருங்கள். எது பார்த்தால் கூடுகிறது, எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதைக் குறித்துக்கொண்டு போனால் மருத்துவருக்கு உதவும். திடீரென்று வந்த தலைசுற்றலோடு பேச்சுக் குழறல், முகம் கோணுதல், கை கால் பலவீனம், இரட்டைப் பார்வை ஏதேனும் இருந்தால் அது பக்கவாதமாக இருக்கலாம். ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நம் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள்

இன்று நம் வீடுகளிலேயே இணையதளம் வடிவமைக்கும் இளைஞர்கள் பலர் இருக்கிறார்கள். ஊர் ஜமாஅத்துக்கு, பள்ளிக்கூடத்துக்கு, கடைக்கு என்று அவர்கள் தளங்கள் செய்து கொடுக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்ல விரும்புவது இது. பக்கம் பறந்து வருவதைப் பார்த்து உங்கள் நண்பர்கள் கைதட்டலாம். அதே பக்கத்தில் அறிவிப்பை வாசிக்க வரும் பெரியவர் பாதியிலேயே மூடிவிட்டுப் போனால், அவர் உங்களிடம் வந்து புகார் சொல்லமாட்டார். தன் உடம்பைத்தான் நொந்துகொள்வார். அசைவு வேண்டாம் என்று பயனர் சொல்லியிருக்கிறாரா என்று பார்த்து நடக்க, உங்கள் நிரலில் சில வரிகள் சேர்த்தால் போதும்.

வீட்டில் உள்ள மற்றவர்கள் செய்ய வேண்டியது இன்னும் எளிது. இந்த வாரம் ஒரு நாள் உங்கள் வாப்பாவின், உம்மாவின், பாட்டனாரின் அருகில் அமர்ந்து, அவர்கள் திரையில் வாசிப்பதைச் சற்று நேரம் கவனியுங்கள். கண்ணை மூடிக்கொள்கிறார்களா, நெற்றியைப் பிடித்துக்கொள்கிறார்களா, சீக்கிரமே ஒதுக்கி வைக்கிறார்களா என்று பாருங்கள். பிறகு அந்த ஒரு டிக்கை எடுத்துவிட்டு மறுபடியும் வாசிக்கக் கொடுங்கள்.

ஒன்றும் மாறாமல் போகலாம். அப்படியானால் மீண்டும் போட்டுவிடலாம், நஷ்டமில்லை. ஆனால் “இப்ப பரவாயில்லையே, என்ன வாப்பா செஞ்சே?” என்று அவர்கள் கேட்டால், வாசிப்பு தன்னை விட்டுப் போய்விட்டது என்று நினைத்திருந்த ஒருவருக்கு நீங்கள் அதைத் திருப்பிக் கொடுத்திருக்கிறீர்கள்.